ஃபைனல் ஃபேன்டசி 14: ஹீலர் இன்னும் நன்றாக அடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணைய விளையாட்டில் புதிதாக ஹீலர் (கூட ஆடுபவர்களின் உயிரை ஏற்றிக் காப்பவர்) ஆட வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் அவசர அவசரமாகப் பாதி பதில் சொல்லி நிறுத்த மனம் வரவில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்து, பதிலை நிதானமாக எழுதியிருக்கிறேன். நான் அதிகம் ஆடுவது வொயிட் மேஜ் என்ற ஹீலர் வகை என்பதால் உதாரணங்கள் அதிலிருந்தே வரும். மற்ற மூன்று ஹீலர்களுக்கும் கீழே தனிக் கேள்வி உண்டு. திறன்களின் பெயர்கள் டான்ட்ரெயில் விரிவாக்கத்தில், 100ஆவது லெவலில் இருக்கிறபடி.

ஹீலர்னா காப்பாத்துறதுதானே வேலை? நான் எதுக்கு அடிக்கணும்?

காப்பாற்றுவதுதான் முதல் வேலை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த விளையாட்டில் பாஸ் (சண்டையின் பெரிய எதிரி) எல்லோரையும் இடைவிடாமல் அடிப்பதில்லை. அடியைத் தாங்க முன்னால் நிற்கும் டேங்க் மேல் விழும் சாதாரண அடி, எப்போதாவது டேங்குக்கு ஒரு பெரிய அடி, நடுநடுவே பார்ட்டி (கூட ஆடும் குழு) முழுவதும் வாங்கும் அடி என்று எல்லாம் ஒரு ஒழுங்கில் வரும். இவற்றுக்கு நடுவே ஹீலருக்கு வேலையே இல்லாத நொடிகள் நிறைய இருக்கின்றன. உயிர் நிறைந்திருப்பவருக்கு அப்போது ஹீல் போட்டால் அது அப்படியே வீண். அந்த நொடிகளில் அடித்தால் பாஸ் சீக்கிரம் சாகும், பார்ட்டி வாங்கும் மொத்த அடியும் குறையும்.

பழைய ஆட்டக்காரர்கள் சிலர் "ஹீலர் அடித்தால் ஹீல் பலவீனமாகிவிடும்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் அது உண்மை. கிளெரிக் ஸ்டான்ஸ் என்ற திறனைப் போட்டால் இன்டெலிஜென்ஸ் (மந்திர அடியின் வலு), மைண்ட் (ஹீலின் வலு) என்ற இரண்டு எண்களும் இடம் மாறிவிடும். அடி வலுக்கும், ஹீல் குறையும். 2017இல் ஸ்டார்ம்பிளட் வந்தபோது அந்த இடமாற்றம் போனது, 2019இல் ஷேடோபிரிங்கர்ஸ் வந்தபோது அந்தத் திறனே போய்விட்டது. இன்றைக்கு உங்கள் அடிக்கும் ஹீலுக்கும் மைண்ட் ஒன்றேதான் அடிப்படை.

ஜிசிடி, ஓஜிசிடின்னு பேசிக்கிறாங்களே, அது என்ன?

கிளேர், டயா என்ற அடிக்கும் மந்திரங்கள், கியூர், மெடிகா என்ற ஹீல் மந்திரங்கள் போன்றவற்றில் எதைப் போட்டாலும் அடுத்த மந்திரத்துக்குச் சுமார் 2.5 நொடி காத்திருக்க வேண்டும். அந்தப் பொதுவான காத்திருப்புதான் ஜிசிடி. டெட்ராகிராமட்டான், அசைஸ், பெனிடிக்‌ஷன் போன்றவை இந்தக் கணக்கில் சேராது. அவற்றுக்குத் தனித்தனிக் கூல்டவுன் (மறுபடி போடக் காத்திருக்கும் நேரம்) உண்டு, இரண்டு மந்திரங்களுக்கு நடுவே செருகிவிடலாம். அவைதான் ஓஜிசிடி.

இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் கீழே வரும் பதில்களில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும். ஜிசிடியில் ஒரு கியூர் போட்டால் ஒரு கிளேர் போகிறது. ஓஜிசிடியில் ஹீல் செய்தால் எதுவும் போவதில்லை.

ஒரு ஹீலர் அடிக்கிறதால அப்படி என்ன பெரிய வித்தியாசம் வந்துடும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து நிமிடச் சண்டை என்றால் 600 நொடி. அதை 2.5ஆல் வகுத்தால் 240 ஜிசிடி. அதில் 30 முறை கியூர், மெடிகா என்று போட்டீர்கள், 20 முறை யோசித்துக்கொண்டோ நடந்துகொண்டோ சும்மா இருந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அடிக்க மிஞ்சுவது 190. இரண்டையும் பாதியாகக் குறைத்தால் 215. கூடுதலாகக் கிடைத்தது 25 மந்திரம். கருவி மாறவில்லை, லெவல் மாறவில்லை, புதிதாக எதையும் கற்கவும் இல்லை.

"எப்படி அதிகம் அடிப்பது" என்று கேட்பவர்களிடம் "உங்கள் 240இல் எத்தனை காணாமல் போகிறது?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ஹீலரின் அடி வரிசை மிக எளிமையானது. டயா போட்டு, கிளேர், கிளேர், கிளேர். அதில் நுணுக்கம் கொஞ்சம்தான். இழப்பு முழுக்க இடைவெளிகளில் இருக்கிறது.

டயா எப்போ போடணும்? தீர்ந்ததும் போட்டா போதுமா?

டயா 30 நொடி ஓடும், மூன்று நொடிக்கு ஒரு முறை அடிக்கும். மிச்சம் மூன்று நொடிக்குள் வரும்போது புதுப்பியுங்கள். முழுக்கத் தீரவிட்டால் சில அடிகள் போகும், பத்து நொடி மிச்சமிருக்கும்போதே போட்டால் அந்தப் பத்து நொடி வீண். இலக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நொடிக்குள் சாகப்போகிறது என்றால் டயாவே வேண்டாம், கிளேர் போட்டு முடித்துவிடுங்கள்.

யாரோட உயிராவது பாதிக்குக் கீழ போனாலே கை தானா கியூர் பட்டனுக்குப் போயிடுது. என்ன பண்றது?

இது எல்லோருக்கும் இருக்கிற பழக்கம். நானும் இதை மாற்றிக்கொள்ளப் பல வாரங்கள் எடுத்தேன். உயிர் 30 சதவீதத்தில் இருக்கும் ஆட்டக்காரரும் முழு உயிரோடு இருப்பவர் அளவுக்கே பாஸை அடிப்பார். உயிர் குறைந்திருப்பதால் மட்டும் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை, அடுத்த அடியில் செத்தால்தான் நஷ்டம். ஆகவே "எவ்வளவு குறைந்திருக்கிறது" என்று பார்க்காதீர்கள். "அடுத்த அடி எப்போது, அதைத் தாங்குவாரா" என்று பாருங்கள்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். பாஸின் காஸ்ட் பார் (மந்திரம் தயாராவதைக் காட்டும் பட்டை) நிறைந்து பார்ட்டி முழுவதும் அடி வாங்குகிறது. எல்லோரும் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். பழைய பழக்கத்தில் உடனே இரண்டு மூன்று மெடிகா போட்டிருப்போம். அதற்குப் பதிலாக, நடந்துகொண்டிருந்த கிளேர் முடிந்ததும் அசைஸ் அழுத்துங்கள். எல்லோருக்கும் கொஞ்சம் உயிர் ஏறும், பாஸுக்கும் அடி விழும். இன்னொரு கிளேர். அப்புறம் பார்ட்டி நிற்கும் இடத்தில் அசைலம் விரியுங்கள். வட்டத்துக்குள் நிற்பவர்களுக்குத் துளித்துளியாக உயிர் ஏறிக்கொண்டே இருக்கும், நீங்கள் கிளேர் போட்டுக்கொண்டே இருக்கலாம். பாஸ் அடுத்த பெரிய அடிக்கு வருவதற்குள் எல்லோரும் தேறிவிடுவார்கள். ஒரு ஜிசிடிகூடப் போகவில்லை. முதல் முறை அந்த இருபது நொடி மனம் அடித்துக்கொள்ளும். மூன்றாவது முறை பழகிவிடும்.

அப்போ ஹீல்ல எதை முதல்ல, எதைக் கடைசியா எடுக்கணும்?

முதலில் ஓஜிசிடி. டேங்குக்கு டெட்ராகிராமட்டான், டிவைன் பெனிசன், அக்வாவெய்ல். பார்ட்டிக்கு அசைஸ், அசைலம், பெரிய அடிகளுக்கு டெம்பரன்ஸ், லிட்டர்ஜி ஆஃப் த பெல். அவை போதாதபோது லில்லி ஹீல் (அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்). அதுவும் தீர்ந்த பிறகு மெடிகா 3, கியூர் 2. கியூர் 2 கற்ற பிறகு கியூர் 1 பக்கமே போகாதீர்கள். இலவசக் கியூர் 2 கிடைக்கும் என்ற ஆசையில் கியூர் 1ஐத் தொடர்ந்து போட்டால் ஜிசிடிதான் வீணாகும்.

பெனிடிக்‌ஷனைப் பற்றி ஒரு வார்த்தை. "ஆபத்துக்கு வைத்திருக்கிறேன்" என்று கடைசி வரை தொடாமலே சண்டையை முடிப்பவர்கள் அதிகம். அதன் கூல்டவுன் 180 நொடி. பத்து நிமிடத்தில் மூன்று முறை வரும். டேங்குக்குப் பெரிய அடி விழும் இடம் தெரிந்துவிட்டால், அந்த அடி விழுந்ததும் அதைப் போடுவது என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு மூன்று கியூர் மிச்சமாகும்.

லில்லி ஹீலும் ஜிசிடிதானே, அதுல மட்டும் அடி போகாதா?

நல்ல கேள்வி. சண்டையில் 20 நொடிக்கு ஒரு லில்லி பூக்கும், மூன்று வரை சேரும். அவற்றைச் செலவழித்து சாலஸ் அல்லது ராப்சர் என்ற ஹீலைப் போட்டால் அந்த நேரத்தில் ஒரு கிளேர் போவது உண்மைதான். ஆனால் மூன்று லில்லி செலவானால் சிவப்பு லில்லி பூத்து அஃப்ளேடஸ் மிசரி கிடைக்கும். ஒரு மிசரியின் அடி ஏறக்குறைய நான்கு கிளேருக்குச் சமம். மூன்று லில்லியும் ஒரு மிசரியும் சேர்ந்து நான்கு ஜிசிடி, நான்கு கிளேரின் அடி. ஆக, நஷ்டம் இல்லை. ஹீல் இலவசமாக வந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியது இரண்டு. மூன்று லில்லி நிறைந்து கிடந்தால் அடுத்தது வளராது, அதனால் நிறையும் முன் ஒன்றைச் செலவழியுங்கள். பாஸ் மேலே பறந்து தொட முடியாமல் போகும் நேரம் லில்லிக்கு மிகச் சிறந்தது. அப்போது கிளேர் போட ஆளே இல்லை, லில்லியைச் செலவழித்து வைத்தால் பாஸ் இறங்கியதும் மிசரி தயாராக இருக்கும். அது சுத்தமான லாபம்.

நகர்ந்துகிட்டே இருக்க வேண்டியிருக்கு. நின்னு அடிக்கவே விட மாட்டேங்குது.

கிளேரின் காஸ்ட் பார் 1.5 நொடி. ஆனால் பார் முழுக்க நிறையும் வரை நிற்க வேண்டியதில்லை. கடைசி அரை நொடி இருக்கும்போதே சர்வர் அந்த மந்திரத்தை ஏற்றுக்கொண்டுவிடும், அதற்கு மேல் நகர்ந்தால் மந்திரம் அறுபடாது. அதாவது 2.5 நொடியில் நீங்கள் அசையாமல் நிற்க வேண்டியது ஏறக்குறைய ஒரு நொடிதான். பயிற்சி பொம்மை முன்னால் நின்று பாரையே பார்த்துக்கொண்டு, அது மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் ஓரடி வையுங்கள். அறுபட்டால் கொஞ்சம் தாமதமாக வையுங்கள். இணைய வேகத்தைப் பொறுத்து அந்தப் புள்ளி ஆளுக்கு ஆள் சற்று மாறும். பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும்.

நீண்ட ஓட்டம் இருக்கும் இடங்களுக்கு காஸ்ட் இல்லாத மந்திரங்களை மிச்சம் பிடியுங்கள். லில்லி ஹீல், மிசரி, கிளேர் 4 (கீழே வரும்), டயா எல்லாமே ஓடிக்கொண்டே போடலாம். வேறு எதுவும் கையில் இல்லையென்றால் டயாவைச் சற்று முன்கூட்டியே புதுப்பித்தாலும் சரி, சும்மா ஓடுவதைவிட மேல்.

ஓஜிசிடி செருகும்போது கிளேர் தள்ளிப் போயிடுதே?

ஒவ்வொரு ஓஜிசிடியும் முக்கால் நொடி அளவுக்குக் கையைப் பிடித்துவைக்கும். கிளேர் காஸ்ட் ஆகி முடிந்த பின் மிச்சமிருப்பது ஒரே நொடி, அதில் ஒன்றுதான் நுழையும். இரண்டு செருக வேண்டுமானால் டயா, லில்லி போன்ற காஸ்ட் இல்லாத மந்திரத்துக்குப் பின்னால் செருகுங்கள். அப்புறம் இன்னொன்று: அடுத்த மந்திரத்தின் பட்டனை, ஜிசிடி முடிய அரை நொடி இருக்கும்போதே அழுத்திவிடலாம். விளையாட்டு அதை வரிசையில் வைத்துக்கொள்ளும்.

டன்ஜன்ல டேங்க் கூட்டம் கூட்டமா இழுத்துட்டு வர்றார். அங்க எப்படி அடிக்கிறது?

மூன்று எதிரிகள் அல்லது அதற்கு மேல் என்றால் கிளேரை விட்டு, சுற்றியுள்ள எல்லாவற்றையும் அடிக்கும் ஹோலிக்கு மாறுங்கள். ஹோலி அடிப்பதோடு எதிரிகளைச் சில நொடி உறையவும் வைக்கும். முதல் முறை 4 நொடி, அப்புறம் பாதி பாதியாகக் குறைந்து பிறகு பலிக்காது. உறைந்த கூட்டம் டேங்கை அடிக்காது. அதாவது அந்த நேரத்தில் உங்கள் அடியே ஹீல். அதனால் டேங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹோலி போட்டுக் கூட்டத்தைச் சிதறடிக்காதீர்கள், அவர் நின்று எல்லாம் ஒன்றுசேர்ந்ததும் தொடங்குங்கள். அவர் ஓடி வரும்போதே ரீஜென் (கொஞ்சம் கொஞ்சமாக உயிர் ஏற்றும் மந்திரம்) ஒன்றும் பெனிசன் ஒன்றும் போட்டுவைத்தால் முதல் சில ஹோலிக்குக் கவலை இருக்காது. அசைஸ் இங்கே பாஸ் சண்டையைவிட அதிகம் பயன் தரும், சுற்றியுள்ள எல்லாவற்றையும் அடிக்கும்.

கீழ் லெவல் டன்ஜன் வந்தா இதுல பாதி திறன் இருக்கவே மாட்டேங்குதே?

இருப்பதை வைத்து அதே கணக்கு. டேங்குக்கு ரீஜென், தேவைப்படும்போது கியூர், மற்ற நேரமெல்லாம் ஸ்டோன், ஏரோ (கிளேர், டயாவின் தொடக்க வடிவங்கள்).

தொடர்ந்து அடிச்சா எம்பி தீர்ந்துபோயிடுதே?

எம்பி என்பது மந்திரம் போடச் செலவாகும் சக்தி. அது தீரப் பெரும்பாலும் காரணம், அதைத் திருப்பித் தரும் லூசிட் ட்ரீமிங்கைத் தாமதமாக அழுத்துவதுதான். லூசிட் எம்பியை ஒரேயடியாகத் தராது, இருபது நொடிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். கூல்டவுன் 60 நொடி. எம்பியின் உச்சம் 10,000. அது 8,000க்கு இறங்கியதுமே லூசிட் அழுத்தத் தொடங்குங்கள், 2,000 வரை காத்திருக்காதீர்கள். லில்லி ஹீலுக்கு எம்பி செலவே இல்லை, அசைஸ் கொஞ்சம் திருப்பித் தரும். ஒருவரை எழுப்ப 2,400 ஆகும். அதற்குத்தான், அடுத்த மந்திரத்தை எம்பி செலவில்லாமல் போடவைக்கும் தின் ஏர்.

எந்த ஸ்டாட் ஏத்தணும்? பையட்டி நல்லதுன்னாங்களே?

முதலில் ஆயுதமும் ஐட்டம் லெவலும். அவை உயர்ந்தால் மைண்ட் உயரும், அடியும் ஹீலும் சேர்ந்து உயரும். கருவிகளில் பதிக்கும் மெட்டீரியாவில் பொதுவாக கிரிட்டிக்கல் ஹிட் முதலில், பிறகு டிடர்மினேஷன். ஸ்பெல் ஸ்பீட் உங்கள் கைக்கு எந்த வேகம் பழக்கமோ அந்த அளவுக்கு. டைரக்ட் ஹிட் அடிக்கு உதவும், ஹீலுக்கு உதவாது. பையட்டி எம்பி திரும்பும் வேகத்தை மட்டுமே கூட்டும், அடிக்கு ஒரு துளியும் சேர்க்காது. எம்பி உண்மையிலேயே போதவில்லை என்றால் மட்டும் வையுங்கள், அதற்கும் முன்னால் மேலே சொன்ன லூசிட் பழக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

ரெண்டு நிமிஷம் ரெண்டு நிமிஷம்னு சொல்றாங்களே, அது ஹீலருக்கும் உண்டா?

உண்டு. பார்ட்டியின் அடியைக் கூட்டும் திறன்களில் பெரும்பாலானவை 120 நொடிக்கு ஒரு முறை வருபவை. சண்டை தொடங்கியதும் எல்லோரும் போடுவார்கள், பிறகு ஒவ்வொரு இரண்டு நிமிடத்திலும். வொயிட் மேஜின் பிரசன்ஸ் ஆஃப் மைண்டும் 120 நொடிதான். அது வேகத்தைக் கூட்டுவதோடு மூன்று கிளேர் 4 தரும். அந்த நேரத்துக்கு ஒரு மிசரியும் கையில் வைத்திருங்கள். லில்லியில் நஷ்டமில்லை என்று முன்பு சொன்னேன் அல்லவா, மிசரி இந்த நேரத்தில் விழுந்தால் அது லாபமாகவே மாறிவிடும்.

அசைஸ் 40 நொடி, இரண்டு நிமிடத்துக்கு மூன்று முறை கச்சிதமாகப் பொருந்தும். பத்து நிமிடத்தில் 15 முறை. ஹீல் தேவைப்படும் என்று ஒவ்வொரு முறையும் பத்து நொடி தள்ளிவைத்தால் அது 12 ஆகிவிடும்.

நான் வொயிட் மேஜ் இல்ல. எனக்கு என்ன மாறும்?

அடிப்படை அப்படியே. ஸ்காலரில் ஈதர்ஃப்ளோ என்ற திறன் 60 நொடிக்கு மூன்று அடுக்கு தருகிறது. அதை ஹீலுக்கும் செலவழிக்கலாம், எனர்ஜி ட்ரெய்ன் போட்டு அடிக்கும் செலவழிக்கலாம். அடுத்த ஈதர்ஃப்ளோ வருவதற்குள் மிச்சமிருப்பதை எனர்ஜி ட்ரெய்னில் முடியுங்கள், வீணாக விடாதீர்கள். தேவதை செய்யும் ஹீலை நம்பப் பழகுங்கள். செயின் ஸ்ட்ராடஜம் இரண்டு நிமிடக் கணக்கில் சேரும். ருயின் 2 நகரும்போது மட்டும், அதன் அடி வழக்கமாகப் போடும் பிராயிலைவிடக் குறைவு.

சேஜில், நீங்கள் யார் மேல் கார்டியா போட்டிருக்கிறீர்களோ அவருக்கு நீங்கள் அடித்தாலே ஹீல் போகும். அடிக்காமல் நிற்கும் சேஜ் ஹீலையும் நிறுத்துகிறார் என்றுதான் அர்த்தம். ஃபிளெக்மாவுக்கு பாஸ் அருகில் நிற்க வேண்டும், அதன் இரண்டு சார்ஜும் நிறைந்து கிடக்க விடாதீர்கள். ஆஸ்ட்ராலஜியனின் பங்கில் பெரும்பகுதி மற்றவர்கள் கை வழியாகவே வருகிறது. டிவினேஷன் பார்ட்டியின் அடியை 6 சதவீதம் கூட்டும், த பேலன்ஸ், த ஸ்பியர் என்ற சீட்டுகளைச் சரியான ஆளுக்குக் கொடுக்க வேண்டும். எர்த்லி ஸ்டார் முதிர 10 நொடி ஆகும், அதனால் பெரிய அடிக்கு முன்பே வைத்துவிடுங்கள்.

எட்டுப் பேர் சண்டையில ரெண்டு ஹீலர். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஹீல் போட்டுடுறோம்.

ஒரு அடிக்கு இரண்டு பேர் பதறினால் ஒருவருடைய ஹீல் முழுக்க வீண். தொடங்கும் முன் "முதல் பெரிய அடிக்கு நான் அசைலம், அடுத்ததுக்கு நீங்கள்" என்று ஒரு வரி சொல்லிக்கொண்டால் போதும். தெரியாதவரோடு ஆடினால் ஒரு நொடி பொறுத்துப் பாருங்கள். அவர் ஏற்கெனவே எதையாவது போட்டிருப்பார்.

நான் முன்னேறுறேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

விளையாட்டுக்குள் டேமேஜ் மீட்டர் கிடையாது. வெளிக் கருவிகளை விதிகள் அனுமதிப்பதில்லை. ஆனால் ஸ்டோன், ஸ்கை, ஸீ என்ற பயிற்சியில் மூன்று நிமிடத்துக்குள் பொம்மையை உடைத்துப் பார்க்கலாம். ஹீல் இல்லாத உங்கள் சுத்தமான அடி அங்கே தெரியும்.

அதைவிடப் பயனுள்ளது உங்கள் சண்டையை நீங்களே பதிவு செய்து பார்ப்பது. மூன்றை எண்ணுங்கள்: எந்த மந்திரமும் போடாமல் நின்ற இடங்கள், உயிர் நிறைந்தவர் மேல் விழுந்த ஹீல்கள், டயா அணைந்து கிடந்த நேரம். முதல் தடவை எண்ணிக்கை அதிகமாக வரும். அதில் பெரியது எதுவோ அதை மட்டும் அடுத்த வாரம் குறையுங்கள்.

கிளேர் போட்டுக்கிட்டே இருந்ததுல ஒருத்தர் செத்துட்டார். நான் ரொம்ப ஆசைப்பட்டுட்டேனா?

அவரைக் காப்பாற்ற உங்களிடம் ஓஜிசிடி தயாராக இருந்து, நீங்கள் அழுத்தாமல் விட்டிருந்தால், ஆம். செத்தவரை எழுப்ப ஸ்விஃப்ட்காஸ்ட் (மந்திரத்தை உடனே போடவைக்கும் திறன்) போகிறது, 2,400 எம்பி போகிறது, ஒரு ஜிசிடியும் போகிறது. எழுந்தவர் கொஞ்ச நேரம் பலவீனத்தோடு அடிப்பார். அடிக்கவே வந்த ஒருவர் அப்படி விழுந்தால் போகும் அடி, நீங்கள் மிச்சம் பிடித்த ஓரிரு கிளேரைவிட மிக அதிகம். சந்தேகம் வந்தால் ஹீல் போடுங்கள். சண்டை பழகப் பழக எந்த அடிக்கு யார் தாங்குவார் என்று தெரிந்துவிடும், அப்போது ஒவ்வொரு கியூராகக் கழற்றிக்கொள்ளலாம்.

எல்லாம் சரியா செஞ்சாலும், கூட ஆடுறவங்க விலகாம அடி வாங்கிட்டே இருந்தா?

அன்றைக்கு உங்கள் கிளேர் எண்ணிக்கை குறையும், குறையட்டும். விலகத் தெரியாதவர் அந்தச் சண்டையை இன்றுதான் முதல் முறை பார்க்கிறவராக இருக்கலாம். மெடிகா தேவைப்பட்டால் தயங்காமல் போடுங்கள், அவர் கேட்டால் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். அப்புறம் அடுத்த ஜிசிடிக்கு மறுபடி கிளேர்.